தினமும் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி, ஆனால் எடை அசையவில்லை: மெட்டபாலிசம் படுத்துவிட்டதா?

வேளச்சேரி வாணி

கொஞ்சம் நீளமான புலம்பல், பொறுத்துக்கொள்ளுங்கள். வயது 38. ஆரம்பித்தபோது 82 கிலோ. காலையில் ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் பாதி ஓட்டம், பாதி நடை. மாலையில் ஆபீஸ் விட்டதும் ஜிம்மில் ட்ரெட்மில், சில நாள் ஜும்பா. சாப்பாட்டைச் செயலியில் பதிந்து 1,200 கலோரிக்குள் வைத்திருக்கிறேன். முதலில் மளமளவென்று இறங்கிய எடை 75-க்கு வந்ததும் நின்றுவிட்டது. இரண்டு மாதமாக மெஷினில் அதே எண்தான்.

ட்ரெயினரைக் கேட்டால் "கார்டியோவை இன்னும் அரை மணி நேரம் கூட்டுங்க மேடம்" என்கிறார். ஆபீஸ் தோழி "அளவுக்கு மீறி எக்சர்சைஸ் பண்ணி மெட்டபாலிசம் படுத்துடுச்சு, எல்லாத்தையும் நிறுத்து" என்கிறாள். யார் பேச்சைக் கேட்பது?

இன்னொன்றும் உண்டு. எல்லாருக்கும் சரியாக இருக்கும் ஏசியில் எனக்கு மட்டும் விரல் நுனியெல்லாம் சில்லிட்டுப் போகிறது. தலை வாரினால் சீப்பு நிறைய முடி. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்குமா?

கலோரி கணக்கன்

மெட்டபாலிசம் படுக்கவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. கணக்கு எங்கேயோ இடிக்கிறது, அவ்வளவுதான். நம் வீட்டுச் சமையலைச் செயலியில் பதிவதே ஒரு கூத்து. "சாம்பார் ஒரு கப்" என்று போடுகிறோம், அது யார் வீட்டுச் சாம்பார்? தாளிக்கிற எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி என்றாலே சுமார் 120 கலோரி. அதைப் பலர் எழுதுவதே இல்லை.

அப்புறம் கையில் கட்டியிருக்கும் வாட்ச். 2017-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏழு கருவிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். நாடித்துடிப்பை ஓரளவு ஒழுங்காகக் காட்டின. கலோரி விஷயத்தில் இருப்பதிலேயே நல்ல கருவிகூட சராசரியாக 27 சதவீதம் பிசகியது, மோசமானது 93 சதவீதம். உங்கள் வாட்ச் இரண்டு வேளைக்கும் சேர்த்து எவ்வளவு காட்டுகிறது?

வேளச்சேரி வாணி

900, சில நாள் 1,000. எண்ணெயையும் எழுதுகிறேன் சார். டீஸ்பூனால் அளந்துதான் ஊற்றுகிறேன், மாமியார் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்கிறார்.

கலோரி கணக்கன்

ஓட்டத்துக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 1 கலோரி. நீங்கள் 5 கிலோமீட்டர் ஓடினால் 375. நடந்தால் அதைவிடக் குறைவு. அந்த நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும் கலோரியும் அதற்குள்ளேயே அடக்கம். ஆயிரத்தை மறந்துவிட்டு 600 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திண்ணைப் பேச்சு

எங்க தாத்தா வயலில் இறங்கினால் பொழுது சாய்ந்துதான் ஏறுவார். மெட்டபாலிசம் எல்லாம் படுத்ததாகத் தெரியவில்லை, 90 வயது வரை அவரும் படுக்கவில்லை. இந்த ட்ரெட்மில்லில்தான் ஏதோ கோளாறு.

சித்திரை வெயில்

திண்ணை அண்ணா, உங்கள் தாத்தாவைப் போன்றவர்களை வைத்தே இந்தக் கேள்விக்கு விடை தேடியிருக்கிறார்கள். தான்சானியாவில் ஹட்சா என்று ஒரு வேட்டைக் குடி. ஆண்கள் நாளுக்குச் சுமார் 11 கிலோமீட்டர் நடக்கிறார்கள், பெண்கள் கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர் நடந்து கிழங்கு தோண்டுகிறார்கள். ஹெர்மன் பான்ட்சர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் அவர்கள் நாள் முழுக்கச் செலவழிக்கும் ஆற்றலை அளந்தார். வாட்ச் கட்டி அளக்கவில்லை. ஹைட்ரஜன், ஆக்சிஜன் இரண்டிலும் கனமான ஐசோடோப்புகள் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, அடுத்து வரும் நாட்களில் சிறுநீர் மாதிரி எடுத்துக் கணக்கிடும் முறை. மனிதர்களை அவர்கள் போக்கில் விட்டு அளக்க இதைவிட நம்பகமான வழி கிடையாது.

2012-ல் முடிவு வெளியானபோது பலருக்கும் அதிர்ச்சி. உடல் அளவில் உள்ள வித்தியாசத்தைச் சரிக்கட்டிப் பார்த்தால், நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் அமெரிக்கர் செலவழிக்கும் அதே கலோரிதான் ஹட்சாவும் செலவழிக்கிறார். அத்தனை நடையும் எங்கே போனது?

2016-ல் ஐந்து நாடுகளைச் சேர்ந்த 332 பேரை வைத்து அவரே இன்னொரு ஆய்வு செய்தார். கானா, தென்னாப்பிரிக்கா, செஷல்ஸ், ஜமைக்கா, அமெரிக்கா. உட்கார்ந்தே இருப்பவர் கொஞ்சம் நடக்கத் தொடங்கினால் மொத்தச் செலவு ஏறுகிறது. நடுத்தர அளவு உழைப்பு வரை இந்த ஏற்றம் தெரிகிறது. அதற்கு மேல் உழைப்பு கூடினாலும் மொத்தச் செலவு அவ்வளவாக ஏறவில்லை, கோடு படுத்துவிடுகிறது.

மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக் கட்டணம் கூடினால் சம்பளம் கூடுவதில்லை, துணிமணியிலும் சினிமாவிலும் கைவைக்கிறோம். உடம்பு எங்கே கைவைக்கிறது என்பது இன்னும் முழுதாகத் துலங்கவில்லை. நோய் எதிர்ப்பு, இனப்பெருக்க ஹார்மோன்கள், மன அழுத்தத்துக்கான எதிர்வினை, நம்மையறியாமல் குறைந்துபோகும் சின்னச் சின்ன அசைவுகள் எல்லாம் பட்டியலில் இருக்கின்றன என்பது பான்ட்சரின் வாதம். அளவான பயிற்சியில் இதனால் நன்மையும் உண்டு, தேவையில்லாத அழற்சி அடங்குகிறது. அளவு மீறினால் அத்தியாவசியச் செலவிலேயே கை விழுகிறது.

கலோரி கணக்கன்

பான்ட்சரை நானும் படித்திருக்கிறேன். அவர் வாதத்தை எல்லாரும் ஏற்றுக்கொண்டுவிட்டதாக எழுத வேண்டாம், எதிர்வாதம் செய்யும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். 2021-ல் 1,754 பேரின் தரவை வைத்து வந்த ஆய்வில் உடம்பு இப்படி மற்ற செலவைச் சுருக்கிச் செய்யும் ஈடுகட்டல் சராசரியாக 28 சதவீதம்தான். பயிற்சியில் 100 கலோரி எரித்தால் 72 கலோரி நிகரமாகக் கிடைக்கிறது. "உடற்பயிற்சி வீண்" என்று இதை வைத்து யாரும் சொல்லிவிட முடியாது.

சித்திரை வெயில்

வீண் என்று நான் சொல்லவே இல்லையே. நீங்கள் சொல்லும் அதே ஆய்வில், உடலில் கொழுப்பு கூடுதலாக இருந்தவர்களிடம் இந்த ஈடுகட்டல் பாதி அளவுக்கு இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கொழுப்பால் ஈடுகட்டல் கூடியதா, ஈடுகட்டும் உடம்பு என்பதால் கொழுப்பு சேர்ந்ததா என்று அதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது, அது வேறு.

இதைவிட வாணிக்கு நேரடியாகப் பொருந்துவது கோபன்ஹேகன் ஆய்வு, 2012. அதிக எடையுள்ள, உட்கார்ந்தே பழகிய இளைஞர்கள் 61 பேர். சிலருக்குத் தினம் சுமார் 30 நிமிடப் பயிற்சி, 300 கலோரி. சிலருக்கு 60 நிமிடம், 600 கலோரி. மீதிப் பேர் சும்மா இருந்தார்கள். 13 வாரம் முடிவில் அரை மணி நேரக்காரர்கள் 4 கிலோ கொழுப்பு குறைந்தார்கள். ஒரு மணி நேரக்காரர்கள்? 3.8 கிலோ. இரண்டு மடங்கு வியர்வைக்குக் கூடுதலாக எதுவுமே கிடைக்கவில்லை.

ட்ரெயினர் "இன்னும் அரை மணி நேரம்" என்று சொன்னபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

மெட்டபாலிசம் மன்னன்

[இந்தப் பதிவு நெறியாளரால் நீக்கப்பட்டது]

நெறியாளர்

பொடி விளம்பரத்துக்கு இது இடமில்லை. மூன்றாவது முறை. கணக்கு முடக்கப்பட்டது.

திண்ணைப் பேச்சு

படிப்பதற்குள் நீக்கிவிட்டீர்களே. என்ன பொடி, இட்லிப் பொடியா?

பிசியோ அக்கா

வாணி, தொழில்முறையில் நான் பிசியோதெரபிஸ்ட். விரல் சில்லிடுவது, முடி கொட்டுவது இரண்டையும் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள், எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். சில கேள்விகள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? தூக்கம் எப்படி? மாலை ஜிம் முடிந்து வீட்டுக்கு வந்தபின் என்ன செய்கிறீர்கள்?

வேளச்சேரி வாணி

மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போகிறது அக்கா, 38 வயதில் அப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். அசதியில் பத்து மணிக்கே படுக்கிறேன், இரண்டு மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடும், அப்புறம் தூக்கம் இல்லை.

கடைசிக் கேள்விக்காக வாட்ச்சில் பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்தேன். ஆரம்பித்த மாதத்தில் பயிற்சி போக மீதி நேரத்திலும் அடிகள் ஒழுங்காக இருந்திருக்கின்றன. இப்போது மாலை ஏழரைக்கு மேல் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. யோசித்தால் அது சரிதான். வந்ததும் சோபாவில் விழுகிறேன். கொத்தமல்லி வேண்டுமென்றால் பெண்ணைக் கடைக்கு அனுப்புகிறேன். துணி மடிப்பதைக் கட்டிலில் சாய்ந்தபடியே முடிக்கிறேன். முன்பெல்லாம் ஆபீஸில் இரண்டு மாடி படியேறிப் போவேன், இப்போது லிப்ட்.

சித்திரை வெயில்

இதைத்தான் நம்மையறியாமல் குறையும் அசைவு என்றேன். மேயோ கிளினிக்கில் ஜேம்ஸ் லெவின் 1999-ல் செய்த ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். சிலர் நன்றாகக் கொழுத்தார்கள், சிலர் கொழுக்கவே இல்லை. கொழுக்காதவர்கள் தனியாகப் பயிற்சி எதுவும் செய்யவில்லை. நிற்பது, நடப்பது, நெளிவது என்று நாள் முழுக்க அசைந்தே தீர்த்துவிட்டார்கள். ஒருவருக்கு இந்த அசைவு மட்டும் தினம் 690 கலோரி அளவுக்குக் கூடியிருந்தது.

பிசியோ அக்கா

பதிலுக்கு நன்றி. இப்போது என் கணக்கு. விளையாட்டு மருத்துவத்தில் ஒரு அளவு வைத்திருக்கிறோம். சாப்பிடும் கலோரியிலிருந்து பயிற்சியில் எரிப்பதைக் கழித்து, கொழுப்பு நீங்கலான உடல் எடையால் வகுக்க வேண்டும். உடம்பு தன் மற்ற வேலைகளைப் பார்த்துக்கொள்ள மிஞ்சுவது அதுதான். கிலோவுக்கு 45 கலோரி என்றால் வசதி. 30-க்குக் கீழே போனால் மாதவிடாய் ஹார்மோன், தைராய்டின் டி3 ஹார்மோன், எலும்பு எல்லாம் ஆட்டம் காணலாம். 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதை ஒரு தனி நோய்க்குறித் தொகுதியாகவே அறிவித்தது, ஆண் பெண் இருபாலருக்கும்.

உங்களுக்குக் கொழுப்பு நீங்கலாக 45 கிலோ என்று தோராயமாக வைத்துக்கொள்வோம். 1,200-ல் 600 கழித்தால் 600. வகுத்தால் 13 சொச்சம்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்தே சொல்கிறேன். அந்த 30 என்ற கோடு ஒல்லியான இளம்பெண்களை வைத்துப் போடப்பட்டது. சேமிப்புக் கொழுப்பு இருப்பவருக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் 13, அதோடு தள்ளிப்போகும் மாதவிடாய், நடுராத்திரி முழிப்பு, குளிர் எல்லாம் சேர்ந்து வரும்போது "இன்னும் அரை மணி நேரம் கூட்டு" என்று சொல்ல எனக்கு மனம் வராது.

முடி, குளிர் இரண்டுக்கும் பட்டினிதான் காரணம் என்றும் முடிவுகட்டாதீர்கள். தைராய்டு, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது) மூன்றையும் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. என்னிடம் மூட்டு வலி என்று வரும் பெண்களிலும் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் பாதிப்பேருக்கு வெளுத்துக் கிடக்கிறது.

கலோரி கணக்கன்

ரத்தப் பரிசோதனைக்கு முழு ஆதரவு. ஆனால் "குறைவாகச் சாப்பிட்டால் உடம்பு பட்டினி நிலைக்குப் போய் எடை இறங்குவதே நின்றுவிடும்" என்ற கதையைத் தயவுசெய்து இங்கே வளர்க்காதீர்கள். 1944-45-ல் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் 36 ஆண்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டு, வாரம் 22 மைல் நடக்கவும் வைத்தார். அடிப்படை வளர்சிதை மாற்றம், அதாவது ஓய்வில் எரியும் கலோரி, ஏறக்குறைய 40 சதவீதம் சரிந்தது. அப்படியும் உடல் எடையில் கால்வாசி போனது. நிற்கவில்லை.

பிசியோ அக்கா

நிற்காது என்பது சரி. ஆனால் அந்த ஆண்களுக்குக் கணுக்கால் வீங்கியதையும் கீஸ் எழுதிவைத்திருக்கிறார். உடம்பில் நீர் கோத்து, உள்ளே குறைந்த எடையை மெஷினில் தெரியவிடாமல் மறைத்தது. பட்டினியும் கடும் பயிற்சியும் தூக்கமின்மையும் சேர்ந்தால் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறும், நீர் தங்கும். வாணியின் இரண்டு மாத முட்டுக்கட்டையில் ஒரு பங்கு வெறும் தண்ணீராக இருக்கலாம். இடுப்பளவு எடுத்தீர்களா?

வேளச்சேரி வாணி

டேப் வைத்து அளக்கவில்லை. ஆனால் போன மாதம் இறுக்கிப் பிடித்த சுடிதார் பேன்ட் இப்போது நாடாவை இழுத்துக் கட்டினால்தான் நிற்கிறது. மெஷினைப் பார்த்துப் பார்த்து அதை யோசிக்கவே இல்லை.

கலோரி கணக்கன்

ஆக கொழுப்பு இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. நான் சொன்னேனா இல்லையா.

சிங்கை நடையன்

என் அனுபவம் நேர் எதிர். மாரத்தான் பயிற்சி எடுத்தபோது எடை கூடியது. ஞாயிறு நீள ஓட்டம் முடிந்தால் நேராகத் தேக்கா மார்க்கெட், பரோட்டா, மேலே ஒரு தே தாரிக் டீ. "இன்றைக்குத்தான் ஓடியாச்சே" என்ற தைரியம். ஓட்டத்தில் போனது மேசையிலேயே திரும்பி வந்துவிடும். அதில் தசையில் சேரும் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையின் பங்கும் உண்டு, ஒரு கிராம் கிளைக்கோஜனோடு சுமார் 3 கிராம் தண்ணீரும் சேர்ந்தே தங்கும். பரோட்டாவின் பங்கு அதைவிடப் பெரிது என்று என் மனைவி சொல்கிறாள்.

நெடுந்தூர ஓட்டம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 2015-ல் அமெரிக்காவைக் குறுக்காக ஓடிக் கடந்தார்களே, வாரம் ஆறு மாரத்தான் வீதம் 20 வாரம். அவர்களையும் அளந்தார்கள். கடைசி வாரங்களில், அந்த ஓட்டத்துக்கு எதிர்பார்த்ததைவிட தினம் சுமார் 600 கலோரி குறைவாகவே செலவாகிக்கொண்டிருந்தது. மனித உடம்பு நெடுநாள் தாங்கும் உச்ச வரம்பு அடிப்படைச் செலவைப் போல இரண்டரை மடங்குதான் என்று அந்த ஆய்வு சொல்கிறது.

கோவில்பட்டி கடலைமிட்டாய்

அந்த அமெரிக்க டிவி எடைக்குறைப்புப் போட்டியாளர்களுக்கு மெட்டபாலிசம் நிரந்தரமாகக் கெட்டுவிட்டது என்று படித்தேனே, அது நிஜமா? அதைப் படித்ததிலிருந்து ஜிம் பக்கம் போகவே பயமாக இருக்கிறது.

சித்திரை வெயில்

தி பிக்கஸ்ட் லூசர் போட்டியாளர்கள் 14 பேரைப் பற்றியது. கெவின் ஹாலின் குழு 2016-ல் வெளியிட்டது. 30 வாரத்தில் சராசரி 58 கிலோ குறைந்தவர்களுக்கு ஆறு வருடம் கழித்து 41 கிலோ திரும்பி வந்திருந்தது. ஓய்வில் எரியும் கலோரி, அவர்கள் உடல் அளவுக்கு எதிர்பார்ப்பதைவிட தினம் சுமார் 500 குறைவு. "கெட்டுவிட்டது" என்று செய்திகள் அலறியது அப்போதுதான்.

2022-ல் அதே கெவின் ஹால் அதை மறுபடி அலசினார். எடையை ஓரளவு தக்கவைத்தவர்களிடம்தான் அந்தக் குறைவு அதிகமாக இருந்தது. அதாவது ஆறு வருடமும் விடாமல் அதிகமாக உழைத்தவர்களிடம். நிறைய உழைப்பதால் மற்ற செலவை உடம்பு சுருக்கியிருக்கலாம் என்று அவரே பான்ட்சர் பக்கம் சாய்ந்து எழுதினார். அப்படிப் பார்த்தால் அது பழுதே இல்லை. அவர்கள் மிருகத்தனமாகப் பயிற்சி செய்தவர்கள், நீங்கள் தினம் முக்கால் மணி நேரம் ஜிம் போவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தைரியமாகப் போங்கள்.

திண்ணைப் பேச்சு

எல்லாம் சரி. வாணி இப்போது ஓட வேண்டுமா, சாப்பிட வேண்டுமா? நாலு பேர் நாலு நாட்டு ஆராய்ச்சி சொல்லிவிட்டீர்கள், அந்தப் பிள்ளை நாளைக் காலை ஐந்து மணிக்கு அலாரம் வைப்பதா வேண்டாமா என்று யாரும் சொல்லவில்லை.

பிசியோ அக்கா

அண்ணா கேட்பது நியாயம். பரிசோதனை முடிவு வரும்வரை நான் சொல்வது: அலாரம் வேண்டாம், தூங்குங்கள். இரண்டு வேளைப் பயிற்சியை ஒரு வேளை ஆக்குங்கள். ட்ரெட்மில்லுக்குப் பதில் வாரம் இரண்டு மூன்று நாள் எடை தூக்குங்கள். அதற்காக மெட்டபாலிசம் பறக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு கிலோ தசை ஓய்வில் எரிப்பது நாளுக்குச் சுமார் 13 கலோரிதான், ஜிம் சுவரில் ஒட்டியிருப்பதெல்லாம் கதை. டயட்டில் இருக்கும்போது இருக்கிற தசை கரையாமல் இருக்கத்தான் இது. சாப்பாட்டை 1,500, 1,600 வரை ஏற்றுங்கள், ஏற்றுவதில் பெரும்பகுதி முட்டை, பருப்பு, தயிர், மீன் என்று புரதமாக இருக்கட்டும். மாலையில் சோபாவில் விழாமல் கொத்தமல்லிக்கு நீங்களே நடந்து போகிற அளவுக்குத் தெம்பு மிஞ்ச வேண்டும், அதை அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

கலோரி கணக்கன்

1,600 சாப்பிட்டால் முதல் வாரம் மெஷினில் ஒரு கிலோ ஏறும். ஏறினால் இங்கே வந்து அழக் கூடாது, அதில் பெரும்பாலும் தண்ணீரும் கிளைக்கோஜனும்தான். டயட்டுக்கு இடையில் இரண்டிரண்டு வாரம் இடைவெளி விட்டால் எடை கூடுதலாகக் குறையும் என்று 2017-ல் ஒரு ஆஸ்திரேலிய ஆய்வு வந்தது. பிறகு வந்தவற்றில் அந்த அளவு வித்தியாசம் தெரியவில்லை. ஆக சாப்பாட்டை ஏற்றுவதால் எடை வேகமாக இறங்கும் என்று நான் நம்பவில்லை. தூக்கமும் மாதவிடாயும் சரியாக வேண்டும் என்பதற்காக ஏற்றுங்கள் என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

பிசியோ அக்கா

நானும் அதற்காகத்தான் சொன்னேன்.

வேளச்சேரி வாணி

பத்து நாளாக இந்தப் பக்கம் வர முடியவில்லை. தைராய்டு சரியாக இருக்கிறது. ஹீமோகுளோபின் 9.6, ஃபெரிட்டின் அதலபாதாளம். டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, ரத்தம் ஏறும்வரை ஓட்டத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டார். ட்ரெயினரிடம் சொன்னால் "மூணு மாச பேக்கேஜ் கட்டியிருக்கீங்களே மேடம்" என்கிறார். எடை மெஷினைப் பெண்ணிடம் கொடுத்து ஒளித்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு சந்தேகம். மாத்திரையைக் காலை காபியோடு போடலாமா?

பிசியோ அக்கா

கூடாது. காபி, டீ இரண்டுமே இரும்பை உடம்பில் ஏறவிடாது, ஒன்றிரண்டு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். பால், கால்சியம் மாத்திரையும் அப்படியே. எலுமிச்சைச் சாறோடு போட்டால் நல்லது. வயிற்றைப் பிரட்டினால் டாக்டரிடம் சொல்லி ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட முடியுமா என்று கேளுங்கள். மூன்று மாதம் கழித்து ஃபெரிட்டினை மறுபடி பாருங்கள்.

திண்ணைப் பேச்சு

காலைக் காபியைத் தள்ளிக் குடிப்பதா? இதற்கு அந்த ஓட்டமே தேவலை.